நெஞ்செரிச்சல் மாத்திரை: எப்போது போடுகிறீர்கள், எப்படி நிறுத்தினீர்கள்?

வெண்தூவி:
பாண்டோபிரசோல், ரேபிபிரசோல், ஒமிபிரசோல் என்று "பிரசோல்" குடும்பத்தில் ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டிருப்பவர்களும், போட்டு நிறுத்தியவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு எரிச்சலைவிட எதுக்களிப்புதான் தொல்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் புளிப்பாக ஏதோ தொண்டை வரை ஏறும். விடிந்தால் குரல் கரகரக்கும். 40 மில்லிகிராம் பாண்டோபிரசோல் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டில் "தினம் ஒன்று" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. மற்ற மாத்திரைகளோடு இதுவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஆனது. ஓரளவு குறைந்தது, அவ்வளவுதான். பிறகு பார்த்த இரைப்பை மருத்துவர் மருந்தையும் மாற்றவில்லை, அளவையும் கூட்டவில்லை. "எப்போ போடுறீங்க?" என்று மட்டும் கேட்டார். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொன்னார். அடுத்த வாரமே வித்தியாசம் தெரிந்தது.

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். வயிற்றில் ஏற்கெனவே இருக்கிற அமிலத்தை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. வயிற்றைக் கடந்து குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, சுற்றிக்கொண்டு மறுபடி வயிற்றுச் சுவருக்கே வருகிறது. அங்கே அமிலம் சுரக்கும் செல்களில் "புரோட்டான் பம்பு" என்ற புரதம் இருக்கிறது. சாப்பாடு உள்ளே போனால்தான் இந்தப் பம்புகள் பெருமளவில் வேலையைத் தொடங்கும். வேலை செய்கிற பம்பைத்தான் மருந்து பிடிக்கும். சும்மா இருக்கிற பம்பை அதனால் தொட முடியாது. பிடித்துவிட்டால் அந்தப் பம்பு அநேகமாக முடிந்தது, செல் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதுதான். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து காலையில் சாப்பிடும்போது நிறையப் பம்புகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். ரத்தத்தில் அது அதிக நேரம் தங்காது, சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும்.

ஒரு மாத்திரையில் எல்லாப் பம்பும் சிக்கிவிடாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். விருந்துக்குப் போய்வந்து "எரியுதே" என்று ஒன்றைப் போட்டுக்கொள்பவர்களுக்கு அது பெரிதாக உதவாததற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்துக்கு, இருக்கிற அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் திரவம்தான் சரி.

மாத்திரைப்பெட்டி:
மருந்தாளுநராக இருக்கிறேன். வெண்தூவி எழுதியது சரி. கூட ஒன்றிரண்டு.

மாத்திரையைக் கடிக்காதீர்கள், பொடிக்காதீர்கள். அமிலத்தில் இந்த மருந்து சிதைந்துவிடும் என்பதால்தான் மேலே உறை போட்டிருக்கிறார்கள். விழுங்க முடியாத பெரியவர்களுக்குச் சில கேப்ஸ்யூல்களைத் திறந்து உள்ளே இருக்கும் குருணையை மென்மையான உணவில் தூவி, மெல்லாமல் விழுங்கச் செய்யலாம். எல்லா கேப்ஸ்யூலுக்கும் இது பொருந்தாது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நான் அதிகம் பார்ப்பது இரட்டிப்புதான். இதய மருத்துவர் பாண்டோபிரசோல் எழுதியிருப்பார், மூட்டு வலிக்குப் பார்த்தவர் ரேபிபிரசோல் எழுதியிருப்பார். பெட்டியின் நிறம் வேறு, பெயர் வேறு என்பதால் நோயாளி இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். விற்பனைப் பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மருந்தின் சரித்திரத்திலேயே உதாரணம் உண்டு. 1988-இல் இந்த வகையில் முதலாவதாக விற்பனைக்கு வந்த ஒமிபிரசோலுக்கு "லோசெக்" என்று பெயர். அமெரிக்காவில் அதையும், நீர் பிரியக் கொடுக்கும் "லாசிக்ஸ்" மருந்தையும் குழப்பிக்கொண்டார்கள். 1990-இல் அங்கே பெயரையே "பிரிலோசெக்" என்று மாற்றினார்கள்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் கவனிக்க: அந்த மருந்தை உடலுக்குள் செயல்பட வைக்கும் கல்லீரல் நொதியை ஒமிபிரசோலும் எசோமிபிரசோலும் தடுக்கின்றன. பாண்டோபிரசோலில் இந்தத் தொந்தரவு குறைவு. இன்னொன்று, டொம்பெரிடோன் என்ற குமட்டல் மருந்து சேர்த்து வரும் கேப்ஸ்யூல். குமட்டல் இல்லாதவர்கள் அதை மாதக்கணக்கில் எடுப்பதை நான் விரும்புவதில்லை. இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. "தனி மாத்திரை போதுமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.

அரைத்தூக்கம்:
நிறுத்துவதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் போடுவதைவிட எனக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது.

எரிச்சல் அடங்கி நீண்ட நாள் ஆகிவிட்டது, நிறுத்திப் பார்க்கலாம் என்று மருத்துவரே சொன்னார். நிறுத்திய சில நாளில், மாத்திரை தொடங்குவதற்கு முன்னால்கூட இல்லாத அளவுக்கு எரிந்தது. நோய் முற்றிவிட்டது, இனி ஆயுளுக்கும் இதுதான் என்றே நினைத்தேன். மருத்துவர் பதறவில்லை. அமிலத்தை அடக்கி வைத்தால், "போதவில்லை, இன்னும் சுரக்கவை" என்று உடல் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும். மருந்து விலகியதும் கூடிப்போன கேஸ்ட்ரினுக்குத் தடை இல்லை, அமிலம் பழைய அளவைத் தாண்டிச் சுரக்கும். சில வாரங்களில் தானாக இறங்கும் என்றார்.

2009-இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வைப் பற்றியும் சொன்னார். நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் எசோமிபிரசோல் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொந்தரவு வந்திருக்கிறது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். நோயே இல்லாதவருக்கு மருந்தை நிறுத்தியதால் நோய் மாதிரி ஒன்று வருகிறது! இதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அந்த எரிச்சலைப் பார்த்து மறுபடி மாத்திரையைத் தொடங்கி, வருஷக்கணக்கில் விடமுடியாமல் இருப்பவர்கள் எத்தனை பேரோ.

இரண்டாவது தடவை படிப்படியாக இறங்கினோம். முதலில் பாதி அளவு, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தேவைப்பட்டால் மட்டும். இடையில் எரிந்தால் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் ஆல்ஜினேட் திரவம். அது வயிற்றில் இருப்பதன் மேல் நுரைத்த படலமாக மிதந்து, மேலே ஏறவிடாமல் மறிக்கும். சில இரவுகளில் ஃபமோடிடின், அமிலச் சுரப்பைக் குறைக்கும் வேறு வகை மருந்து. அதை தினமும் எடுத்தால் உடம்பு பழகிப்போய்ப் பலன் குறையும் என்பதால் சில இரவுகள் மட்டும். அதே வகையைச் சேர்ந்த ரானிடிடினில் என்டிஎம்ஏ என்ற மாசு இருக்கிறது என்று 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது, ஞாபகம் இருக்கும்.

இப்போது தினசரி மாத்திரை இல்லை. எப்போதாவது எரிகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

மூத்தமகள்:
அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில், இந்த மாத்திரையும் வெறும் வயிற்றில். எதை முதலில் கொடுப்பது என்பதே தினமும் காலையில் எங்கள் வீட்டு வழக்கு. ஆனால் உண்மையான பிரச்சினை வரிசை இல்லை என்று பிறகு தெரிந்தது. அமிலம் குறைந்தால் தைராக்சின் மாத்திரை உடலில் சேர்வதும் சிலருக்குக் குறையும். நெஞ்செரிச்சல் மருந்து தொடங்கிய பிறகு அம்மாவின் டிஎஸ்எச் (தைராய்டு போதவில்லை என்றால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) ஏறிவிட்டது. தைராக்சின் அளவைக் கொஞ்சம் கூட்டிச் சரிசெய்தார்கள். நேரம் தள்ளிக் கொடுத்தாலும் இது நடக்கும், ஏனென்றால் அமிலம் நாள் முழுக்கக் குறைவாகத்தான் இருக்கிறது.

அப்புறம் கெண்டைக்கால் இழுப்பு. வயசாகிவிட்டது என்று விட்டிருப்போம், ரத்தப் பரிசோதனையில் மெக்னீசியம் குறைவு. நீர் பிரியும் மாத்திரையும் கூடவே எடுத்ததால் இரண்டும் சேர்ந்துகொண்டன. நெடுநாள் எடுப்பவர்களுக்கு மெக்னீசியம் குறையலாம் என்று 2011-லேயே அமெரிக்காவில் எச்சரிக்கை வந்திருக்கிறதாம். பி12-ம் பார்க்கச் சொன்னார்கள். உணவிலிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலம் தேவை. அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுக்கிறார், அதுவும் பி12-ஐக் குறைக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வருஷக்கணக்கில் எடுத்தால் இந்தப் பரிசோதனைகளை நீங்களே நினைவுபடுத்துங்கள். மருத்துவருக்கு ஒரு வரி போதும்.

ஒருக்களிப்பு:
எனக்கு மாத்திரையில் புளிப்பு போச்சு, ஏறுறது போகல. ஏறுவதை மாத்திரை தடுக்காது, ஏறுவதில் இருக்கும் அமிலத்தைத்தான் குறைக்கும் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து ஒரு சாண் உயர்த்தியதும், இடப்பக்கமாகப் படுத்ததும், ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் தள்ளியதும்தான் எனக்கு வேலை செய்தது. தலையணையை அடுக்காதீர்கள், வயிறு மடிந்து இன்னும் மோசமாகும்.

நீலக்கல்:
மேலே "நிறுத்தினேன்" என்று படித்துவிட்டு யாரும் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். எண்டோஸ்கோப்பியில் எனக்கு பாரெட் உணவுக்குழாய் என்று தெரியவந்தது. அதாவது அமிலம் பட்டுப்பட்டு உணவுக்குழாயின் உட்தோலே மாறிப்போன நிலை. எனக்கு இது நெடுங்கால மருந்து. ஒருகாலத்தில் குடற்புண்ணில் ரத்தம் கசிந்து, இப்போது ஆஸ்பிரின் எடுக்கிறவர்களும் அப்படித்தான்.

சொந்தக்காரர்கள் இந்த மாத்திரையைப் பற்றி வாரம் ஒரு செய்தி அனுப்புகிறார்கள்: சிறுநீரகம் போகும், எலும்பு முறியும், மறதி வரும். கோபமே வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை, மருந்து எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் கிடைத்த தொடர்புகள். மருந்து எடுப்பவர்கள் பொதுவாகவே நோய் அதிகம் உள்ளவர்கள், அதனால் எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம். 17,500-க்கும் அதிகமானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்குப் பாண்டோபிரசோலும் மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் சுமார் மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்தான்: 1.4 சதவீதத்துக்கு எதிராக 1.0. அரிதாகச் சிறுநீரகத்தில் திடீர் அழற்சி வருவதுண்டு, அதை மறுக்கவில்லை. மூன்று வருடம் என்பது இருபது வருடம் ஆகாது என்றும் தெரியும். ஆனாலும் தேவையுள்ளவனைப் பயமுறுத்தி நிறுத்தவைப்பது எந்த ஊர் நியாயம்?

மழைக்கால்:
சுருக்கமாக. என் மாமாவுக்கு "கேஸ்" என்று நினைத்தது மாரடைப்பு. நடந்தால் கூடும் இறுக்கம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் மாத்திரை தேடாமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். விழுங்கும்போது அடைப்பது, கறுப்பு மலம், ரத்த வாந்தி, காரணமின்றி எடை குறைவது இருந்தாலும் சொந்த வைத்தியம் வேண்டாம்.

ஆந்தைவிழி:
இரவுப் பணி எனக்கு. எல்லோரும் காலை, காலை என்கிறீர்கள். காலையில் நான் தூங்கப் போகிறேன். எப்போது போட? அடுத்த மாதம் ஹெச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை வேறு இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி:
கடிகாரம் முக்கியமில்லை. தூங்கி எழுந்து முதலில் வயிறார எப்போது சாப்பிடுகிறீர்களோ, அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள், அது மாலை ஆறு மணியாக இருந்தாலும் சரி. பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் நான்கு வாரம். உங்கள் விஷயத்தில் நிறுத்தலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். அந்த இடைவெளியில் எரிந்தால் என்ன எடுக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.