ஸ்கிரிப்டில் பக்பக்கென்று இருந்த சீன் ரஃப் கட்டில் (முதல்கட்ட எடிட்டில்) சப்பென்று இருக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி
12 நிமிட த்ரில்லர் குறும்படம். ஒரு பெண் அடுத்தவர் வீட்டு ஸ்டீல் பீரோவில் ஒரு கவரைத் தேடுகிறாள். வீட்டுக்காரன் திரும்பி வந்துவிடுகிறான். கதவு திறக்கும் இடத்தில் பெரிய பிஜிஎம் போட்டும் பதற்றம் வரவில்லை. இன்னும் ஒரு நாள் ஷூட் பாக்கி. எதை எடுக்கலாம்? டாலி ஜூம் (கேமராவை நகர்த்திக்கொண்டே ஜூம் செய்வது) உதவுமா?

பதில் 1
அவன் வருவது அவளுக்குத் தெரியும்போதுதான் நமக்கும் தெரிகிறது என்றால் கோளாறு அங்கேதான். த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்ன கணக்கு இது: மேசைக்கடியில் குண்டு திடீரென்று வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி; குண்டு இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டால் 15 நிமிடப் பதற்றம்.

அதனால் அவன் வருவதை எடுங்கள். தெருமுனையில் திரும்பும் பைக், கேட் தாழ்ப்பாள், வாசலில் கழற்றும் செருப்பு. மூன்று ஷாட் போதும். இவற்றுக்கு நடுவே அவள் தேடுவதை அவசரப்படாமல் நீளமாக விடுங்கள். எல்லாவற்றையும் படபடவென்று வெட்டினால் காத்திருக்கவே இடம் இருக்காது. பீரோவும் கதவும் ஒரே ஃபிரேமில் வரும் மாஸ்டர் ஷாட் ஒன்று கட்டாயம் வேண்டும். எவ்வளவு தூரம் என்று தெரியாதவனுக்குப் பயம் வராது.

இன்னொன்று. ஏற்றிய பதற்றத்தை இறக்கவும் வேண்டும். 1936-இல் வந்த 'சபோட்டாஜ்' படத்தில் குண்டைச் சுமந்து போகும் சிறுவனையே பலி கொடுத்தது தவறு என்று ஹிட்ச்காக்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பதில் 2
முதலில் பிஜிஎம்மை மியூட் செய்துவிட்டு எடிட் பண்ணுங்கள். இசையில்லாமல் நிற்காத கட் இசையோடும் நிற்காது. ஷூட் அன்று ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்திவிட்டு, அதே அறையில் ஒரு நிமிடம் ரூம் டோன் (யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் வெறும் சத்தம்) பதிவு செய்யுங்கள். அது இல்லையென்றால் ஒவ்வொரு கட்டிலும் சத்தம் எகிறும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு மழித்தால் ஓட்டை விழுந்த மாதிரி கேட்கும். சாவிக்கொத்து, தாழ்ப்பாள், பீரோ கீல் மூன்றையும் மைக்கைக் கிட்டே வைத்துத் தனியாக எடுங்கள். பைக் சத்தம் பைக் ஷாட்டுக்கு இரண்டு நொடி முன்னாலேயே அவள் ஷாட்டின் மேல் விழட்டும்.

பதில் 3
டாலி ஜூம் இந்த சீனுக்கு வேண்டாம் என்பேன். 'வெர்டிகோ'வில் (1958) அது வந்தது உயரத்தைக் கண்டு தலைசுற்றும் ஒருவனுக்காக. செய்தே ஆகவேண்டுமென்றால்: ஆளிலிருந்து 1 மீட்டரில், லென்ஸ் 24 எம்எம் என்று தொடங்கினால், 2 மீட்டருக்குப் பின்வாங்கும்போது 48 எம்எம் வந்திருக்க வேண்டும். ஆளின் அளவு மாறக்கூடாது. முதுகுக்குப் பின்னால் உடனே சுவர் இருந்தால் எஃபெக்டே தெரியாது, நல்ல ஆழம் வேண்டும். போனின் டிஜிட்டல் ஜூமில் படம் உடைந்துபோகும்.

கேட்டவர்
அறை பத்துக்குப் பத்துதான். மாஸ்டர் எங்கிருந்து எடுப்பது?

பதில் 1
பீரோ கண்ணாடி இருக்கிறதே! அவள் கீழ்த்தட்டில் குனிந்து தேட, மூடியிருக்கும் பீரோ கதவுக் கண்ணாடியில் பின்னால் அறைக் கதவின் கைப்பிடி அசையட்டும். அவள் பார்க்கவில்லை, நாம் பார்க்கிறோம். பீரோவை மூடியதும் கண்ணாடியில் ஆள் நிற்பதெல்லாம் நைந்துபோன உத்தி, அது வேண்டாம்.

கேமராவை நேரே வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, கறுப்புத் துணி போர்த்துங்கள். ஃபோகஸைக் கண்ணாடியின் மேல் வைக்காதீர்கள். கேமராவிலிருந்து கண்ணாடி, கண்ணாடியிலிருந்து கதவு, இரண்டு தூரத்தையும் டேப்பில் அளந்து கூட்டி வையுங்கள்.