துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிள்ளைகளுக்காகச் சபையில் எப்படி ஜெபிப்பது?

கேள்வி: குத்தாலத்துக்காரர்

மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில், ஞாயிறு ஆராதனையின் பொது ஜெபத்தை ஏறெடுக்கும் பொறுப்பு முறை வைத்து எனக்கும் வரும். எங்கள் சபைக் குடும்பம் ஒன்றின் மகளும் மருமகனும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று அந்நகரின் அனன்சியேஷன் கத்தோலிக்க ஆலயத்தில், பள்ளி திறந்த முதல் வாரத்துத் திருப்பலிக்குப் பிள்ளைகள் கூடியிருந்தபோது, வெளியே நின்று சன்னல் வழியாக ஒருவர் சுட்டதில் எட்டு வயதும் பத்து வயதுமான இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அந்தக் குடும்பத்துப் பேரன் படிப்பது வேறு பள்ளிதான். ஆனாலும் அவனை அனுப்பிவிட்டு அவன் திரும்பும் வரை மகள் வாசலைப் பார்த்தபடியே இருக்கிறாள் என்று இங்கே பாட்டி அழுகிறார். சபை ஜெபிக்க வேண்டும் என்று அவர்தான் கேட்டிருக்கிறார்.

வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி, "ஜெபித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையே சுட்டிருக்கிறார்கள், இனி நாம் ஜெபித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டார். அந்நகர மேயர் ஜேக்கப் ஃப்ரேயும் அன்று, அந்தப் பிள்ளைகள் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஜெபிக்கிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றார். சபை மூப்பர் ஒருவரோ, எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. நான் என்ன சொல்லி ஜெபிக்கட்டும்?

பதில்: ஓய்வுபெற்ற போதகர், தரங்கம்பாடி வட்டம்

தம்பி, முதலில் "சித்தம்" என்ற சொல்லை அந்த ஜெபத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை இயேசு எடுத்துப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்கிறார். அவர்கள் ஏன் இறந்தார்கள் என்ற விளக்கத்தை அவர் தரவில்லை. அவர் தராததை நாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு தர வேண்டியதில்லை.

வாலிபர் கேட்டதை அவிசுவாசம் என்று ஒதுக்காதீர்கள். பதின்மூன்றாம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. ஏரோது பெத்லகேமின் பிள்ளைகளைக் கொன்ற இடத்தில் மத்தேயு, பிள்ளைகளுக்காக ஆறுதலடைய மனமில்லாமல் அழும் பழைய ஏற்பாட்டுத் தாய் ராகேலை நிறுத்துகிறார், அவளை அமர்த்துவதில்லை. ஆகவே முறையிடுவதும் ஜெபம்தான். எங்கே குறையென்றால், அதைச் செய்ய நம் சபைகளுக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று.

பழக்கம் ஏன் விட்டது என்பதையும் சொல்கிறேன். நம் டெல்டாக் கிராமங்களில் சாவு வீட்டில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைப்பார்கள்; இறந்தவரின் முகம், நடை, அவர் உண்ட சோறு, கட்டிய துணி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எடுத்துக்கொண்ட தெய்வத்தையும் நேருக்கு நேர் ஏசுவார்கள். நம்பிக்கையற்றவர்களைப் போல் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் எழுதியதைச் சொல்லி நம்மவர்கள் அதை அடக்கி, அந்த இடத்தில் கீர்த்தனையை வைத்தார்கள். உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பாடுவது நல்லதுதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வாய்விட்டு அலறிய மறுநொடியே பாடகர் குழு பாட்டை எடுத்துவிடுகிறதே, அங்கே அவளுடைய வாய் அடைக்கப்படுகிறது என்பது என் எண்ணம். பவுல் துக்கப்படவே கூடாது என்று எழுதவில்லை. அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும் அவர்தான் எழுதினார்.

செய்முறைக்கு வருகிறேன். ஜெபத்தைச் சுருக்கமாக வையுங்கள். இறந்த பிள்ளைகளின் வயதைச் சொல்லி, சபை சற்று நேரம் அமைதியாக நிற்கட்டும். பிறகு பெற்றோர், காயப்பட்டவர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், சுட்டவரின் குடும்பத்தார் ஆகியோருக்காக வேண்டுங்கள். அந்தப் பாட்டியின் பயத்தை அவர் சொன்ன சொற்களிலேயே சொல்லுங்கள்.

பதில்: நாகை மறைக்கல்வி ஆசிரியர்

நான் கத்தோலிக்கன்; ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சூடு நடந்து இரண்டாம் நாள், ஆகஸ்ட் 29 அன்று, வேளாங்கண்ணியில் கொடியேற்றம். காவி உடுத்தி நடந்து வந்தவர்களில் சிலர் அந்தப் பிள்ளைகளுக்காகவும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை திருத்தந்தை பதினான்காம் லியோ, சிறிதும் பெரிதுமான ஆயுதங்களின் பெருந்தொற்றை நிறுத்தும்படி கடவுளிடம் மன்றாட அழைத்தார். எனவே துப்பாக்கி என்ற சொல்லையே ஜெபத்தில் சொல்லலாம். அதைச் சொன்னால் அரசியல் ஆகிவிடும் என்று மூப்பர் அஞ்ச வேண்டியதில்லை. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் ஊரில் இருக்கிறோம்; இது எத்தகைய பொருள் என்று நம் அரசுக்கே தெரிகிறது.

மன்னிப்பைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். 2006இல் அமெரிக்காவின் நிக்கல் மைன்ஸ் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து சிறுமிகளை இழந்த ஆமிஷ் என்ற எளிய வாழ்வுக் கிறிஸ்தவ மக்கள், சுட்டவரின் அடக்கத்துக்கே சென்றார்கள். 2015இல் அந்நாட்டுச் சார்ல்ஸ்டன் நகர இம்மானுவேல் ஆலயத்தில் வேத ஆராய்ச்சியின்போது ஒன்பது பேர் கொல்லப்பட்ட பின், உறவினர்களில் சிலர் நீதிமன்றத்திலேயே மன்னித்தார்கள், எல்லாரும் அல்லர். பறிகொடுத்தவர் தாமாகத் தர வேண்டியதை, கடல் தாண்டி இருக்கும் நாம் அவர் சார்பில் வழங்க முடியாது.

பதில்: கும்பகோணம் செவிலியர்

அமெரிக்காவில் ஜெபம் என்ற சொல்லின் மீது ஏன் இவ்வளவு கோபம் என்பதையும் சபைக்குச் சொல்லுங்கள். 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது பிள்ளைகள், 2022இல் யுவால்டி ஊர்ப் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர்களில் பலர் ஜெபிக்கிறோம் என்று அறிக்கை விட்டு அமைந்துவிட்டார்கள். கைகள் இரத்தத்தினால் நிறைந்திருக்கையில் ஜெபத்தைக் கேளேன் என்ற ஏசாயாவின் வார்த்தை அவர்களுக்குத்தான் பொருந்தும். நமக்கு அங்கே ஓட்டு இல்லை. நம் கையில் இருப்பது, அந்த மகளைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதும், சபை வாட்ஸ்அப் குழுவில் சூட்டுக் காட்சிகளையும் சுட்டவரின் படத்தையும் பரப்பாமல் இருப்பதும்தான்.

பதில்: அக்கரைப்பேட்டையிலிருந்து

2025 ஜனவரியில் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் படகு மீனவர்கள் காயம்பட்டார்களே, அந்த ஞாயிறு எத்தனை சபைகளில் அவர்களுக்காக ஜெபித்தார்கள்? அமெரிக்கப் பிள்ளைகளுக்காக அழுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே ஜெபத்தில் மீனவர்களான எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: குத்தாலத்துக்காரர்

எல்லாருக்கும் நன்றி. மீனவர்களைக் கட்டாயம் சேர்க்கிறேன், அண்ணே. நான் எழுதிப் பார்த்தது இது: "ஆண்டவரே, எட்டு வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் உம்முடைய ஆலயத்திலேயே சுடப்பட்டார்கள். எங்களுக்கு விளங்கவில்லை. எதுவரைக்கும் இது நடக்கும்? அவர்களைப் பெற்றவர்கள் விரைவில் ஆறுதலடையச் செய்யும். எங்கள் கடலிலும் அவர்கள் நகரத்திலும் துப்பாக்கி ஏந்தும் கைகளைத் தடுத்தருளும். பள்ளிக்குப் போன பிள்ளை வீடு திரும்ப உதவும்."

பதில்: ஓய்வுபெற்ற போதகர், தரங்கம்பாடி வட்டம்

"விரைவில்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். சனிக்கிழமையே பாட்டியிடம் வாசித்துக் காட்டி, அவர் வேறு ஏதாவது சொல்லச் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.