மறு: அனொடேஷனுக்குத் தமிழில் 'ஒட்டுக்குறிப்பு' சரிவருமா?

> 'சிறுகுறிப்பு' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அனொடேஷன் என்பது இணையப் பக்கத்தின் மேல் படிப்பவர் ஒட்டிவைக்கும் குறிப்பு. அதைச் சிறுகுறிப்பு என்றதும் 'சிறுகுறிப்பு வரைக' என்ற பரீட்சைக் கேள்விதான் ஞாபகம் வருகிறது, அது போகட்டும். அந்தச் சொல் குறிப்பின் நீளத்தைச் சொல்கிறதே ஒழிய, அது இன்னொருவர் பக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதைச் சொல்லவில்லை. அனொடேஷனில் அதுதானே விஷயமே? நம்ம ஊரில் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்தவர் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறார்களே, அந்த வேலைதான், ஆனால் அடியில் இருப்பது அழியாது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் அனொடேஷனுக்காக வெளியிட்ட தரத்திலும் இதே ஏற்பாடு: குறிப்பு தனியே வேறிடத்தில் இருக்கலாம், எந்தப் பக்கத்தில் எந்த வரிக்கானது என்று சுட்டினால் போதும்.

'குறிச்சொல்' என்று வைக்கலாமே என்றால், அது பக்கங்களை வகைப்படுத்தப் போடும் டேகுக்குத்தான் சரி. பிடித்த பக்கங்களைச் சேமித்துவைக்க உதவிய டெலிஷியஸ் தளத்தின் காலத்திலிருந்து ஓரிரு சொல்லாகத்தானே டேக் போடுகிறோம். முழு வாக்கியமாக எழுதி ஒட்டினால் அதை எப்படிச் சொல் என்பது?

தேடலுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டவருக்கு: தல்லாகுளம் பற்றிய ஒரு பக்கத்தில் 'எதிர்சேவை' என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். மதுரைக்காரருக்கு அது போதும். வெளியூர்க்காரர் 'அழகர் மதுரைக்கு எப்போது வருவார்' என்றுதான் தட்டுவார், சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கிற தேடுபொறி அந்தப் பக்கத்தைக் கண்டுகொள்ளாது. படித்த யாரோ ஒருவர் 'மலையிலிருந்து மதுரைக்கு வரும் அழகரை வரவேற்பது' என்று அங்கே ஒட்டிவைத்து, தேடுபொறி அதையும் சேர்த்துப் படித்தால் பக்கம் சிக்கிவிடும். மகால், மஹால், அரண்மனை என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிற நாயக்கர் மகாலுக்கும் இதே வைத்தியம்தான். என்ன, மீனாட்சி கோயில் படத்தில் 'வீட்டுமனை விற்பனைக்கு' என்று ஒட்டுகிறவரும் வருவார், ஒட்டியவர் யார் என்று பார்த்துத்தான் தேடுபொறி மதிப்புக் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கத்தின் ஓரத்திலும் யாரும் எழுதலாம் என்று கூகுள் 2009இல் கொண்டுவந்த சைட்விக்கியை 2011இல் மூடிவிட்டார்கள்.

அப்புறம், வினையாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே. 'குறிப்பொட்டு' என்றால் நாக்கில் நிற்கிறது, செய்பவரைக் 'குறிப்பொட்டி' எனலாம், கொஞ்சம் கேலியாக ஒலித்தாலும். 'சிறுகுறிப்பிடு' என்று சொல்லிப் பாருங்கள், தடுக்குகிறது.

குறிப்பு எதன் மேல் ஒட்டப்படுகிறதோ அந்த டார்கெட்டுக்கு 'இலக்கு' இருக்கிறது. ஒட்டப்படும் சரக்கை டபிள்யூ3சி தரத்தில் 'பாடி' என்கிறார்கள், அதற்கு 'உடல்' வேண்டாம், 'உள்ளீடு' ஏற்கெனவே இன்புட்டுக்குப் போய்விட்டது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.