ஒரு செமஸ்டரை வேறு பல்கலைக்கழகத்தில் படிப்பது: கிரெடிட், கட்டாயத் தாள்கள் பற்றி வழிகாட்டல் தேவை

கேள்வி: இயற்பியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. இயற்பியல் பயில்கிறேன்; இப்போது மூன்றாம் ஆண்டு. ஐதராபாத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துடன் எங்களுக்கு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருப்பதால், விருப்பமுள்ளவர்கள் ஏழாம் செமஸ்டரை அங்கே படிக்க விண்ணப்பிக்கலாம் என்று துறையில் சுற்றறிக்கை வந்துள்ளது. எங்கள் துறையில் இல்லாத பொதுச் சார்பியல் கோட்பாடு அங்கே விருப்பப் பாடமாக நடத்தப்படுகிறது. நான் போக விரும்புவதற்கு அதுதான் முதன்மையான காரணம். ஆனால் எங்கள் ஏழாம் செமஸ்டரில் புள்ளியியல் இயக்கவியல் கட்டாயத் தாள். அங்கே அது எட்டாம் செமஸ்டரில்தான் வருகிறது. கிரெடிட் வங்கிக் கணக்கு (படித்து முடித்த பாடங்களின் கிரெடிட், அதாவது பாட மதிப்பலகுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கு) இருந்தால் எல்லாம் தானாகவே சேர்ந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வெளியூரில் போய் அரியர் விழுந்தால் என்ன செய்வது என்று அப்பா கேட்கிறார். இரண்டுக்கும் விவரம் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் 1: முன்னாள் பரிமாற்ற மாணவர்

வணக்கம் சகோதரி. நான் வேதியியல் படித்தபோது இதேபோல் ஒரு செமஸ்டர் வெளியே படித்தவன். போய் வந்ததால் மிகுந்த பயன் அடைந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிரெடிட் வங்கி தானாகச் சேர்த்துவிடும் என்பது சரியல்ல. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிமுறைகளின்படி இயங்கும் அந்த வங்கி, நீங்கள் பெற்ற கிரெடிட்டைப் பதிந்து வைக்கும் இடம் மட்டுமே. அதில் கிரெடிட்டைச் செலுத்துவதும் நீங்கள் அல்ல, பாடம் நடத்திய நிறுவனம்தான். அந்த நிறுவனமும் வங்கியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அங்கே படித்த எந்தத் தாள் இங்கே எந்தத் தாளுக்கு ஈடு என்பதை வங்கி முடிவு செய்வதில்லை. அது உங்களுக்குப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது.

ஆகவே ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, அங்கே எடுக்கப்போகும் ஒவ்வொரு தாளும் இங்குள்ள எந்தத் தாளுக்கு ஈடாகக் கொள்ளப்படும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, துறைத் தலைவரின் கையொப்பம் பெற்று, ஒரு நகலைத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பேராசிரியர் வாய்மொழியாகச் சம்மதித்தது போதாது; நீங்கள் திரும்பி வரும்போது அவர் வேறு பொறுப்புக்கு மாறியிருக்கலாம். என்னுடன் வந்த நண்பருக்கு அங்கே 3 கிரெடிட் தாள், இங்கே அதே பெயரில் 4 கிரெடிட் தாள். ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர வகுப்பு என்பதால், 45 மணி நேரப் பாடத்தை 60 மணி நேரப் பாடத்துக்கு ஈடாக ஏற்க முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பிறகு துறையின் அனுமதியோடு நான்கு வார என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடம் ஒன்றை மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாக முடித்து அந்த ஒரு கிரெடிட்டை அவர் நிரப்பினார். இதைப் போவதற்கு முன்பே தெரிந்துகொண்டால், அந்தப் பாடத்தை அங்கிருந்தபடியே முடித்துவிடலாம்.

பதில் 2: பாடத்திட்டக் குழுவில் உள்ள ஆசிரியை

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் உங்கள் கேள்வியின் கடினமான பகுதி புள்ளியியல் இயக்கவியல்தான். அதை விட்டுவிட்டு ஏழாம் செமஸ்டரில் போனால், திரும்பி வந்து ஒன்பதாம் செமஸ்டரில் இளைய மாணவர்களோடு அமர்ந்து அந்தத் தாளை எழுத வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ஆய்வுத் திட்டமும் தொடங்கிவிடும். எட்டாம் செமஸ்டரில் திண்மநிலை இயற்பியல் போன்ற தாள்கள் உங்கள் துறையில் இருந்தால், வெப்பக் கொள்ளளவு, எலக்ட்ரான் வாயு ஆகிய பகுதிகளை புள்ளியியல் இயக்கவியலில் கற்கும் ஃபெர்மி-டிராக் புள்ளியியல் தெரியாமல் பின்தொடர்வது மாணவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்பதை வகுப்பறையில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். எனவே பரிமாற்றத்தை எட்டாம் செமஸ்டருக்கு மாற்ற ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா, அங்கே பொதுச் சார்பியல் அந்தச் செமஸ்டரில் நடக்கிறதா என்று இரு துறைகளின் ஒருங்கிணைப்பாளர்களிடமும் கேளுங்கள். விருப்பப் பாடங்கள் எல்லா ஆண்டும் நடப்பதில்லை. சிலபஸில் இருப்பதும் அந்த ஆண்டு வகுப்பு நடப்பதும் வேறு வேறு.

உங்கள் தந்தையின் கேள்வி நியாயமானது. அங்கே ஒரு தாளில் தேர்ச்சி பெறாவிட்டால் மறுதேர்வை அங்கேதான் எழுத வேண்டுமா, அல்லது இங்கே அதற்கு ஈடான தாளை எழுதலாமா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆய்வகத் தாளை இங்கேயே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் செய்முறைப் பயிற்சிகளின் பட்டியல் இரண்டு இடங்களில் ஒன்றாக இருப்பது அரிது.

இயற்பியல் மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டாம் செமஸ்டர் பற்றி ஒருங்கிணைப்பாளரிடம் நாளை கேட்கிறேன். இன்னொன்று: நான் அறிவியல் மாணவர்களுக்கு மத்திய அரசு வழங்கும் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுகிறேன். அங்கே படிக்கும் காலத்தில் அதற்குச் சிக்கல் வருமா? கட்டணத்தையும் இரண்டு இடங்களிலும் செலுத்த வேண்டியிருக்குமா?

பதில் 3: முன்னாள் பரிமாற்ற மாணவர்

நீங்கள் கல்லூரி மாறவில்லை, சொந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவியாகவே நீடிக்கிறீர்கள் என்பது பதிவேட்டில் தெளிவாக இருப்பதுதான் முக்கியம். மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வாங்கச் சொல்லி யாராவது அறிவுறுத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். போனஃபைடு சான்றிதழும் தடையில்லாச் சான்றும் போதும். உதவித்தொகையைத் தொடர ஆண்டு மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள் என்பதால், அங்கிருந்து மதிப்பெண்கள் வரத் தாமதமானால் அதற்கான கடிதத்தைத் துறையிலிருந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கல்விக் கட்டணம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பொதுவாகச் சொந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டும் செலுத்தினால் போதும் என்றிருக்கும். விடுதி, மெஸ், முன்வைப்புத் தொகை ஆகியவற்றை அங்கே தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். பரிமாற்ற மாணவர்களுக்கு விடுதியில் இடம் உறுதியா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அங்கிருந்து கிளம்பும் முன் நூலகம், விடுதி, ஆய்வகம் ஆகிய எல்லா இடங்களிலும் நிலுவையில்லாச் சான்று பெற்றுவிடுங்கள். நூலகப் புத்தகம் ஒன்று பாக்கியிருந்தாலும் மதிப்பெண் பட்டியலை நிறுத்தி வைப்பார்கள். ஐதராபாத்திலிருந்து அதற்காக மட்டும் மறுபடி ஒரு முறை போய்வர நேரிடும்.