உதவி: பேனியர், ஹேண்டில்பார் பேக் இரண்டுக்கும் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

தா., மதுரை

குழுவினருக்கு வணக்கம். கேமராவோடு சைக்கிளில் நெடும்பயணம் போகிறவர்களுக்கு ஒரு கையேடு தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. பின் கேரியரின் இருபுறமும் தொங்கும் பேனியர் என்ற பை ஒன்று. ஹேண்டில்பாரின் முன்னே மாட்டும் பை மற்றொன்று.

இவை குழம்பினால் கையேடே வீண். துணிமணி, அடுப்பு, கூடாரம் எல்லாம் பின்னால் போகட்டும், கேமரா போகக் கூடாது என்பதுதான் நாங்கள் சொல்ல வந்ததே. கேரியர் பின்சக்கரத்து அச்சோடு முடுக்கப்பட்டது. பள்ளத்தில் விழும் அடி அப்படியே பைக்குள் இறங்கும். நாள் போகப் போக லென்சின் திருகாணி தளரும். முன்னாலும் அதிரும்தான், ஆனால் ஓட்டுபவரின் கைகள் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பையின் அடியில் கெட்டி நுரைப்பஞ்சைப் போட்டு, லென்சைக் கழற்றாமல் முகம் கீழே பார்க்க வைத்தால், நிறுத்திய இடத்தில் ஒரு கையால் எடுத்துவிடலாம். அதற்காக மூன்று லென்சையும் அங்கேயே திணித்தால் ஹேண்டில் முரண்டு பிடிக்கும், அது தனி அத்தியாயம்.

இப்போதைக்குப் பக்கப்பை, கைப்பிடிப்பை என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

வே., தஞ்சாவூர்

அன்புள்ள தா., 'கைப்பிடிப்பைக் கழற்றவும்' என்று ஒரு வரி வந்தால் படிப்பவர் பையைக் கழற்றுவாரா, பிடிப்பைக் கழற்றுவாரா? கைப்பிடிப்பு + ஐ என்றும் பிரியுமே. இணைப்பை என்று யாராவது சொல்லக் கிளம்பும் முன் அதற்கும் இதே பதில்.

பேனியருக்கு நாம் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் மிளகு வணிகரின் கழுதைச் சாத்து வருகிறது: 'புணர்ப்பொறை தாங்கிய வடுவாழ் நோன்புறத்து அணர்ச்செவிக் கழுதை'. புணர்ப்பொறை என்பது இருபுறமும் ஒத்த கனமாகச் சேர்ந்த சுமை. பலாவின் அடிமரத்தில் காய்த்த பழத்தைப் புலவர் உவமை சொல்கிறார். தொங்கும் விதம், எடைச் சமன், சுமந்து சுமந்து முதுகில் விழுந்த தழும்பு வரை எல்லாம் அந்த ஒன்றரை அடியில் இருக்கிறது. ஒருபக்கப் பை கனத்தால் சைக்கிள் இழுக்கும் என்று நீங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதைச் சொல்லே சொல்லிவிடும். பொறு என்ற வினையிலிருந்து பொறை. பொறுமையும் அதன் தங்கைதான். நிலத்தைப் பொறை என்பதும்...

செ., கோவை

ஐயா, கழுதை அருமை. ஆனால் கையேட்டை வாங்கப்போவது கல்லூரிப் பிள்ளைகள். புணர்ச்சி விதி நடத்தும்போதே கடைசி பெஞ்சு என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியாததா? கடையில் போய் 'ஒரு ஜோடி புணர்ப்பொறை கொடுங்க' என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.

புல்லட்காரர்கள் சைடு பேக் என்கிறார்கள். புரிகிறது. அதை ஏன் விட வேண்டும்?

வே., தஞ்சாவூர்

புரிவது ஒன்றே அளவுகோல் என்றால் இந்தக் குழு எதற்கு? பேருந்தும் ஒரு காலத்தில் புரியாத சொல்தான்.

அ., சென்னை

மருத்துவர் என்ற முறையில் ஒரு சொல். இரைப்பை, கருப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை. இந்த வரிசையில் பக்கப்பையை வைத்துப் பாருங்கள். கல்லீரலுக்கு அடியில் இருப்பது போலத் தோன்றவில்லையா?

முன்பைக்கு என் யோசனை அடைப்பை. அரசர் பக்கத்திலேயே வெற்றிலைப் பையோடு நிற்பவன் அடைப்பைக்காரன். கேட்டவுடன் கைக்கு வருவதுதானே ஹேண்டில்பார் பையின் வேலை.

செ., கோவை

டாக்டர், சாக்கடை அடைப்பை யார் எடுப்பது?

சி., யாழ்ப்பாணம்

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பக்கம் கேரியர் இல்லை, கரியர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், கையேடு இங்கேயும் வரும்தானே.

பேனியரின் வேர் லத்தீனில் ரொட்டிக் கூடை. அது கூடையாகத்தான் பிறந்தது, பிறகுதான் பையானது. எங்களிடம் பனையோலையில் இழைத்த உமல் இருக்கு, கடகம் இருக்கு. உமல் மூன்றே எழுத்துச் சொல், இரட்டை அர்த்தமும் இல்லை, உடலுறுப்பும் இல்லை. கரியர் உமல், முன் உமல். வே. ஐயாவும் மறுக்க ஏலாத தமிழ்.

கு., சிங்கப்பூர்

உமலுக்குள் மழைத்தண்ணீர் போகாதா என்று ஒருவர் கேட்பார் பாருங்கள்.

வரலாறு ஒன்று. 1890 முதல் 1893 வரை ஆலன், சாக்ட்லெபன் என்ற இரு அமெரிக்கர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றியபோது கோடாக் கொண்டு போனார்கள். 1888இல் அந்தச் சுருள்படக் கேமரா வந்திராவிட்டால் கண்ணாடித் தகடுகளை அல்லவா கட்டித் தூக்க வேண்டும்! 1892இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து கேமராவோடு கிளம்பிய ஃபிராங்க் லென்ஸ் 1894இல் துருக்கியின் கிழக்கில் காணாமல் போனார். மறு ஆண்டு அவரைத் தேடிப் போனவரும் இதே சாக்ட்லெபன்தான். ஒளிப்படக்காரரின் பெயரே லென்ஸ்! இதை வில்லை என்று பெயர்த்துவிடாதீர்கள்.

தா., மதுரை

நண்பர்களே, இன்று புதன். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கைப்பேசியை நேரே ஹேண்டிலில் பூட்டிப் படமெடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை போடுகிறோம். மோட்டார் சைக்கிளின் கடும் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் சொன்னது. சைக்கிளில் எஞ்சின் கிடையாது, ஆனால் கப்பிச் சாலை உண்டு. அதிர்வைக் குறைக்க இடையில் பூட்டும் துணைக்கருவிக்கு 'அதிர்வுறிஞ்சி' என்று எழுதினால் சண்டை வராதே?

வே., தஞ்சாவூர்

அதிர்வை உறிஞ்சுவதில்லை, தணிக்கிறது. அதிர்வுதணி. வினைத்தொகையா என்று கேட்பவர்களுக்குத் தனிமடலில் விடை.

மட்டுறுத்துநர்

மடல்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன, அதில் பாதி கழுதையைப் பற்றி. ஆர்வமுள்ளவர்கள் தனி இழை தொடங்கலாம். எண்ணிப் பார்த்ததில் பேனியருக்குப் பொதிப்பை முந்துகிறது: பொதிமாடு, பொதிசோறு இரண்டும் எல்லாருக்கும் தெரியும், சங்கத்தாரும் சந்தைக்காரரும் ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். ஹேண்டில்பார் பேக்குக்கு முன்பை.

அ., சென்னை

'முன்பைவிடப் பொதிப்பையில் அதிக எடை வைக்கலாம்.' இந்த வரியை யாராவது எனக்கு விளக்குங்கள்.

தா., மதுரை

சற்றுமுன்தான் கையேட்டில் அதே வரியைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். முன்பக்கப் பை என்று பிரித்தே எழுதிவிட்டேன். நீளம்தான், இருக்கட்டும். பேனியர் பொதிப்பையாகப் போகிறது; முதல் இடத்தில் மட்டும் 'சைடு பேக் என்று கடையில் கேட்கவும்' என்று அடிக்குறிப்பு. யாழ்ப்பாணப் படிகளுக்குக் கரியர். அனைவருக்கும் நன்றி, கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

வே., தஞ்சாவூர்

பதிவுக்காக: பொதிப்பையை நான் ஏற்கவில்லை. ஒற்றைப் பொதியும் பொதிதான். இரண்டின் எடைச் சமன் அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது? இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி வருவேன்.

சி., யாழ்ப்பாணம்

நானும்தான்.