மேலத்தெரு வீட்டுக் குழுவில் ஒரு கேசட் பேச்சு

சனிக்கிழமை

தாரணி: பரணிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டி இறக்கியிருக்கிறோம். ஒன்றில் பழைய கீபோர்டு, மானிட்டர் ஒயர், கேசட், பிளாப்பி. திங்கட்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருகிறார். யாருடையது இதெல்லாம்?

தாரணி: 📷 புகைப்படம்

ராஜி அத்தை: மொத்தத்தையும் பேரீச்சம்பழத்துக்குப் போடு. எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்.

மணி சித்தப்பா: அக்கா, கொஞ்சம் பொறுங்கள். தாரணி, அந்தக் கேசட் மேல் என்ன எழுதியிருக்கிறது?

தாரணி: "கோலம் 2. பாட்டு இல்லை." சிவப்பு மையில். பெரியப்பா கையெழுத்து மாதிரி இருக்கு.

ராஜி அத்தை: அதுவா! அம்மா ஒரு நாள் அதை டேப்ரிகார்டரில் போட்டார்கள். கீ கீ என்று ஒரே கத்தல். நாடா கெட்டுப்போச்சு என்று ஓரமாகப் போட்டுவிட்டார்கள்.

சுந்தரம் பெரியப்பா: கெடவில்லை. அது புரோகிராம். யாரும் கை வைக்காதீர்கள்.

கார்த்தி: கேசட்டில் புரோகிராமா பெரியப்பா? எந்த கம்ப்யூட்டர்?

சுந்தரம் பெரியப்பா: பிபிசி மைக்ரோ. 1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்காக 'கிளாஸ்' என்று ஒரு கணினித் திட்டம் தொடங்கியது. அதில் எங்கள் பள்ளிக்கு வந்தது. 32 கே நினைவகம். நீங்கள் காலையில் அனுப்புகிற குட்மார்னிங் படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. ஆனால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாத்தியாருக்கு இல்லாத மரியாதை அதற்கு.

கார்த்தி: 😂

தாரணி: கோலம் என்றால்?

சுந்தரம் பெரியப்பா: நிஜக் கோலம்தான். எத்தனை புள்ளி என்று கேட்கும். எண்ணைக் கொடுத்தால் புள்ளி வைத்து, சுற்றிக் கோடு இழுக்கும். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள்தான் எனக்குச் சிக்குக் கோலத்தின் திருப்பங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதை பேசிக் என்கிற கணினி மொழியில் எழுதினேன். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1970களிலேயே கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதிவிட்டார்கள். அதைப் படித்த சூட்டில் செய்தது.

சுந்தரம் பெரியப்பா: இன்னொன்று. பிபிசி பேசிக்கில் ஒரு புரொசீஜர், அதாவது பெயர் வைத்த கட்டளைக் கொத்து, தன்னைத்தானே அழைக்கலாம். அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் பேசிக்குகளில் அது அபூர்வம். கோலம் மாதிரி மடங்கி மடங்கிப் போகிற வேலைக்கு அது இல்லாமல் முடியாது.

கார்த்தி: அந்த பேசிக்கை எழுதியவர் சோபி வில்சன். பிறகு ஆர்ம் சிப்பின் கட்டளைத் தொகுப்பையும் அவர்தான் வடிவமைத்தார். முதல் ஆர்ம் சிப் 1985. இப்போது நாம் எல்லோரும் டைப் அடிக்கிற போன் எல்லாம் அந்த வம்சம்.

மணி சித்தப்பா: அந்தக் காலம் பொற்காலம் அண்ணா.

சுந்தரம் பெரியப்பா: ஒரு பொற்காலமும் இல்லை. ஒரு மெஷினைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நிற்கும். ஏற்றும்போது திரையில் கோப்பின் பெயரும் பக்கத்தில் ஒரு எண்ணும் ஏறிக்கொண்டே வரும். பாதியில் "டேட்டா?" என்று கேட்டு நின்றுவிட்டால் நாடாவைப் பின்னால் சுற்ற வேண்டும். அதற்குள் மணி அடித்துவிடும்.

தாரணி: சரி, இப்போது அதைப் பார்க்க வழி இருக்கா இல்லையா? மெஷின் இந்தப் பெட்டியில் இல்லை.

மணி சித்தப்பா: மெஷின் வேண்டாம். டேப்பில் இருப்பது வெறும் ஒலிதான். அந்த ஒலியை அப்படியே லேப்டாப்பில் பதிவு செய்ய வேண்டும். ஆடாசிட்டி என்று இலவச மென்பொருள். பதிந்த கோப்பை பீப்எம் என்கிற எமுலேட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுத்தால், அது பிபிசி மைக்ரோ மாதிரியே நடந்துகொள்ளும். அதுவும் இலவசம்.

மணி சித்தப்பா: தாரணி, உடனே பிளே அழுத்திவிடாதே. முதலில் முன்னும் பின்னும் ஒரு முறை முழுக்கச் சுற்று. பழைய நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். டேப்ரிகார்டரில் நாடாவைப் படிக்கிற ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடை. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். கீச்சென்ற சத்தம் மங்கலாகக் கேட்டால், கூர்மையாகும் வரை அதை மயிரிழை அளவு திருப்ப வேண்டும். அதை நீ செய்யாதே, நான் வருகிறேன்.

கார்த்தி: டேப்ரிகார்டரில் டால்பி என்று இரைச்சல் குறைக்கும் பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆடாசிட்டியில் இரைச்சல் குறைக்கும் வசதியையும் தொடக் கூடாது. நமக்குத்தான் அது இரைச்சல், கம்ப்யூட்டருக்கு அதுதான் விஷயம்.

ராஜி அத்தை: ஒரு கோலத்துக்கு இவ்வளவா? நான் வாசலில் ஐந்து நிமிஷத்தில் போட்டுவிடுவேன்.

நவீன் (அம்மா போன்): அதில் கேம் இருக்கா தாத்தா?

மணி சித்தப்பா: கேசட்டில் இல்லை கண்ணா. கேம் எல்லாம் என் கம்ப்யூட்டர் சென்டரில். 1990களில் என்னிடம் டைப் கற்க வந்தவர்களைவிட டேவ் விளையாட வந்தவர்கள் அதிகம். சிவப்புத் தொப்பி போட்ட குட்டிப் பையன். நெருப்புத் தொட்டால் சாவு, தண்ணீர் தொட்டாலும் சாவு. பத்து லெவல்.

கார்த்தி: டேஞ்சரஸ் டேவ். ஜான் ரொமேரோ 1988இல் ஆப்பிள் 2க்கு எழுதியது. நம் ஊருக்கு வந்தது பழைய பிசியில் ஓடும் டாஸ் பதிப்பு. அதே ஆள்தான் பிறகு 1993இல் டூம் என்கிற ஆட்டத்தை வெளியிட்ட குழுவில் இருந்தவர்.

தாரணி: எனக்குப் பிரின்ஸ் ஆப் பெர்சியாதான். ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். அவன் ஓடுகிற ஓட்டம் நிஜ மனுஷன் மாதிரி இருக்கும்.

கார்த்தி: நிஜ மனுஷன்தான் அக்கா. ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவாகப் பார்த்து வரைந்தார்.

மணி சித்தப்பா: ராஜி அக்கா ஒன்றும் சொல்லவில்லையே. வேர்ட்ஸ்டாரில் மகளிர் சங்கக் கணக்கு அடிக்கிறேன் என்று மதியம் வந்து யார் டேவ் விளையாடியது?

ராஜி அத்தை: கரண்ட் இருந்தால்தானே. பாதி நாள் யூபிஎஸ் கூவிக்கொண்டே இருக்கும்.

தாரணி: அத்தை!! 😳

கார்த்தி: நவீன், பழைய டாஸ் ஆட்டங்களை ஓட்டுகிற மென்பொருள் இருக்கிறது. டாஸ்பாக்ஸ் என்று தேடி, அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. பழைய ஆட்டம் பலவும் சிபியு வேகத்தை நம்பி எழுதியவை. இன்றைய மெஷினில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். டாஸ்பாக்ஸ் அதை அடக்கி வைக்கும். வேகம் அதிகமானால் கன்ட்ரோலோடு எஃப்11, குறைந்தால் எஃப்12.

மணி சித்தப்பா: எங்கள் காலத்தில் அதற்குத்தான் கேபினெட் முகப்பில் டர்போ பட்டன்.

கார்த்தி: இறக்கவே வேண்டாம் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவில் பிரவுசரிலேயே ஏராளமான டாஸ் ஆட்டங்களை ஓட்டலாம்.

தாரணி: பிளாப்பி பற்றி யாரும் சொல்லவில்லை. மூன்றரை அங்குலம் பத்துப் பன்னிரண்டு, பெரியது நாலைந்து. ஒன்றில் "அப்பா கடிதங்கள்" என்று இருக்கிறது.

சுந்தரம் பெரியப்பா: அதை இரண்டு கையாலும் பிடித்து எடுத்து வை அம்மா.

கார்த்தி: என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். கோலம் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், பிளாப்பியில் பூஞ்சை வந்தால் போச்சு. மூன்றரை அங்குலத்துக்கு யூஎஸ்பி டிரைவ் என்னிடம் இருக்கிறது, அடுத்த வாரம் எடுத்து வருகிறேன். ஐந்தேகால் அங்குலம் அதில் போகாது. அதற்குப் பழைய டிரைவும் கிரீஸ்வீசல் என்கிற சின்ன போர்டும் வேண்டும், விசாரிக்கிறேன்.

தாரணி: தாத்தா தமிழில்தானே அடித்திருப்பார்? திறக்குமா?

கார்த்தி: திறக்கும், ஆனால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி தெரியும். யூனிகோடு என்கிற பொதுக் குறியீடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. பாமினி, டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டில் வந்த டேப் (TAB, நாடா இல்லை) என்று. என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசம், எந்த எழுத்துரு என்று தெரிந்தால் ஒரே நொடியில் யூனிகோடாக்கிவிடும்.

மணி சித்தப்பா: அப்பா அடித்தது பாமினி. நான்தான் போட்டுக்கொடுத்தேன்.

கார்த்தி: அப்போது வேலை முடிந்த மாதிரிதான்.

நவீன் (அம்மா போன்): டேவ் வந்துருச்சு! கதவு வரைக்கும் போனேன். திறக்க மாட்டேங்குது.

ராஜி அத்தை: கோப்பையை எடுத்தாயா? அதை எடுத்தால்தான் கதவு. எடுத்ததும் கீழே ஒரு வரி எழுத்து வரும், பார்.