மதுரை மொட்டை மாடியில் ஈக்யூ மவுண்ட்: கவுண்டர்வெயிட் காலில் முட்டுகிறது, துருவ நட்சத்திரமும் தெரியவில்லை. உதவி தேவை

மாடிவான்_மதுரை:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 130 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி, குவிய நீளம் 900 மி.மீ., கூடவே வந்த ஈக்யூ2 மவுண்ட் (குழாயைத் தாங்கி, வானம் சுற்றுவதற்கு ஏற்பத் திருப்பும் ஈக்வடோரியல் தாங்கி), கண் வைத்துப் பார்க்கும் 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ் இரண்டு. நிலாவைப் பார்த்து முடித்தாகிவிட்டது. இப்போது வியாழன். 2026 ஜனவரி 10-ஆம் தேதி எதிரமைவு (வானில் சூரியனுக்கு நேர் எதிரே கோள் வருவது) என்பதால் சாயங்காலமே கிழக்கில் பளிச்சென்று எழுந்துவிடுகிறது. பார்க்கத்தான் முடியவில்லை.

கையேட்டில் சொன்னபடி ஒரு காலை வடக்கு நோக்கி வைத்தேன். ஏழரை மணிக்கு வியாழன் கிழக்கில் தாழ இருக்கும்போது குழாயைத் திருப்பினால் கவுண்டர்வெயிட் (குழாயின் பாரத்தைச் சமன்செய்யும் குண்டு) நேராகக் கீழே தொங்கி அந்த வடக்குக் காலில் முட்டி நிற்கிறது. அதற்கு மேல் ஒரு நூல்கூடத் திரும்பாது. இரவு பன்னிரண்டை ஒட்டிப் பார்த்தால் வேறு தொல்லை: குழாயின் அடிப்பக்கம், அதாவது பெரிய ஆடி இருக்கும் முனை, இன்னொரு காலில் இடிக்கிறது.

அடுத்தது, மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்குக் குறிவைக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வடக்கே மூன்று மாடிக் கட்டடம், அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. அட்சரேகை அளவுகோலில் 10 வைக்கலாம் என்றால் சாய்வுத் திருகு 20-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கையால் தள்ளிப் பார்த்தால் 10 மி.மீ. ஐபீஸில் ஒரு நிமிடத்தில் கோள் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்விடுகிறது. மகளைக் கூப்பிட்டு அவள் கண்ணை வைப்பதற்குள் வெறும் கறுப்பு வானம்தான். மவுண்டில் குறையா, நான் வைக்கும் விதத்திலா?

ஜவ்வாது_அடிவாரம்:

மவுண்டில் குறை ஒன்றும் இல்லைங்க. அந்தக் கையேடு 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்களுக்காக எழுதியது. மதுரை ஏறக்குறைய 10 டிகிரி. எல்லாச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொஞ்சம் மனதில் வரைந்து பாருங்கள். மவுண்டின் துருவ அச்சு (வானத்தோடு சேர்ந்து குழாயைச் சுழற்றும் அச்சு) வடக்கு நோக்கி, உங்கள் அட்சரேகை அளவுக்குத் தலைதூக்கி நிற்க வேண்டும். கவுண்டர்வெயிட் தண்டு அந்த அச்சுக்குச் செங்குத்து. லண்டனில் அச்சு 51 டிகிரி நிமிர்ந்து நிற்பதால், தண்டு கீழே வரும்போதும் முன்பக்கமாக நன்றாகத் தள்ளி நீட்டிக்கொண்டிருக்கும், காலைத் தொடாது. நம் ஊரில் அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கிறது. அதனால் தண்டு தூக்குக்குண்டு மாதிரி நேராக இறங்கும். நேர் கீழே வடக்குக் கால். முட்டாமல் என்ன செய்யும்?

மருந்து எளிது. மவுண்ட் தலைக்கு அடியில் இருக்கும் திசைப் பூட்டைத் தளர்த்தி, தலை வடக்கைப் பார்த்தபடியே இருக்க, முக்காலியை மட்டும் திருப்புங்கள். ஒரு கால் தெற்கே, மற்ற இரண்டும் வடகிழக்கிலும் வடமேற்கிலும் வரட்டும். வெயிட் இரண்டு கால்களுக்கும் நடுவே இறங்கிப் போகும். ஆனால் ஒன்று கவனம்: பாரம் வடக்கே சாய்கிறது, அந்தப் பக்கம் இப்போது கால் இல்லை. ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்துத் தெற்குக் காலின் பக்கமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கேன் இல்லாமல் குழாயை ஏற்ற வேண்டாம்.

நள்ளிரவு இடிப்புக்குக் காரணம் வேறு. வியாழன் உச்சிக்கு வரும்போது குழாய் மவுண்டின் மேற்குப் பக்கம் தொங்குகிறது. உச்சி தாண்டினால் இன்னும் கீழே இறங்கிக் காலில் படும். அந்த நேரத்தில் இரண்டு அச்சையும் தளர்த்தி, குழாய் கிழக்குப் பக்கம் வருகிற மாதிரி மவுண்டைப் புரட்டி, மறுபடி வியாழனைப் பிடியுங்கள். பிறகு விடியும்வரை இடிக்காது. ஐபீஸ் எட்டாத இடத்துக்குப் போனால் குழாயைப் பிடித்திருக்கும் வளையங்களைத் தளர்த்திக் குழாயை உருட்டிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த ஒரு விஷயம். எங்கள் ஜவ்வாது மலைமேல் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கி, 2.34 மீட்டர் ஆடி கொண்டது. அதைத் தாங்குவது வடக்குப் பக்கம் குதிரை லாட வடிவம் வைத்த ஈக்வடோரியல் அமைப்பு. காவலூர் பன்னிரண்டரை டிகிரி. தாழ்ந்த அட்சரேகைக்குத் தோதான அமைப்பு என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் மாடியில் அடிக்கிற அதே கணக்கு அங்கேயும் அடிக்கிறது.

மாடிவான்_மதுரை:

மிக்க நன்றி சார். காலைத் திருப்பியதும் வெயிட் தடையில்லாமல் சுற்றுகிறது. இவ்வளவு நாளாகக் கால் வடக்கே இருப்பது கட்டாயம் என்றே நினைத்திருந்தேன். இனி 20 டிகிரித் திருகும் துருவ நட்சத்திரமும்தான் பாக்கி.

ஜவ்வாது_அடிவாரம்:

திருகு: முதலில் பக்கவாட்டுப் பூட்டை முழுவதும் தளர்த்தினீர்களா பாருங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், மரை கழன்றுவிடும். மிச்சம் 10 டிகிரியை முக்காலியே கொடுக்கட்டும். தெற்குக் காலை நீட்டி உயர்த்தினால் மொத்தமும் வடக்கே சாய்ந்து அச்சு தாழும். தெற்குக் காலடியிலிருந்து வடக்குக் கால்கள் இரண்டையும் சேர்க்கும் கோடுவரை 90 செ.மீ. என்றால், 16 செ.மீ. உயர்த்தினால் 10 டிகிரி கிடைக்கும். செங்கல் அடுக்குவதைவிடக் காலை நீட்டுவதே பத்திரம். இப்படிச் சாய்த்தால் பாரம் இன்னும் வடக்கே போகும், ஆகவே தண்ணீர் கேன் கட்டாயம்.

முக்காலி மட்டமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அச்சு வடக்கே பார்க்க வேண்டும், தரைமட்டத்திலிருந்து 10 டிகிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழாயை அச்சுக்கு இணையாக வைத்துக்கொண்டு, அதன் முதுகில் செல்போனை வைத்துச் சாய்வு காட்டும் செயலியில் 10 வரும்வரை சரிசெய்யுங்கள். மவுண்டில் ஒட்டியிருக்கும் அளவுகோலை நம்ப வேண்டாம்.

வடமராட்சி_வான்:

நான் யாழ்ப்பாணம். எங்கட இடம் 9.8 டிகிரி, உங்களுக்கும் எனக்கும் ஒரே வானம்தான். வடக்குப் பக்கம் முழுக்கப் பனை. கையை நீட்டி முஷ்டி பிடிச்சால் ஒரு முஷ்டி உயரத்திலதான் துருவ நட்சத்திரம் நிக்கும். அந்த உயரத்தில புழுதியும் பனிப்புகையும் வேற. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதேங்கோ. கண்ணால பார்க்கிறதுக்கு அது தேவையில்லை.

ஏன் எண்டு கணக்காச் சொல்லுறன். உங்கட 10 மி.மீ. ஐபீஸில பெருக்கம் 90. ஐபீஸ் 50 டிகிரி அகலம் காட்டும் எண்டால் வானத்தில அரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடத் தெரியும். மவுண்டே இல்லாமல் விட்டால் கோள் நடுவிலயிருந்து ஓரத்துக்குப் போக ஒரு நிமிசம்தான். நீங்கள் கண்டதும் அதுதான். அச்சு 1 டிகிரி பிழைச்சு நிண்டால், ஆர்.ஏ. கேபிளை (துருவ அச்சைக் கையால திருப்புற திருகுக் கம்பி) மட்டும் திருப்பிக்கொண்டு வரேக்க, மற்றப் பக்கமா விலகி ஓரத்துக்குப் போக ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். 3 டிகிரி பிழைச்சாலும் இருபது நிமிசம். படம் எடுக்கிறவைக்குத்தான் இது காணாது. மகளுக்கு வியாழன் காட்ட இது தாராளம்.

வடக்கைப் பிடிக்க வெயில் போதும். ஒரு நூலில குண்டு கட்டித் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வாற நேரத்தில அந்த நூலின்ர நிழலைத் தரையில கோடாப் போடுங்கோ. மதுரையில ஜனவரி நடுப்பகுதியில அது 12 மணி 27 நிமிசம் அளவில வரும். சரியா 12-க்குக் கோடு போட்டால் பிழைக்கும். ஒரு நிமிசம் தவறினாலே இந்த மாதத்தில அரை டிகிரிக்குக் கிட்டப் போகும், அதனால மணிக்கூட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கோ. தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே வேண்டாம். நிழல் மட்டும் போதும்.

கட்டடமேஸ்திரி:

யாழ்ப்பாணத் தம்பி சொன்னது சரி. நான் கட்டட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் இரண்டு வார்த்தை.

திசைகாட்டியை மாடியில் வைத்துப் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் சுமார் இரண்டு டிகிரிக்குள்தான், அது பொருட்டில்லை. ஆனால் கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடுகிறது, உங்கள் கவுண்டர்வெயிட்டும் இரும்பு. ஒரே மாடியில் நாலு மூலைக்கு நாலு வடக்கு காட்டும். செல்போன் திசைகாட்டியும் அதே கதைதான்.

மணி பார்க்காமலே திசை பிடிக்க ஸ்தபதிகள் வழி இருக்கிறது: சங்கு நடுவது. ஒரு மீட்டர் கம்பைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் அடியை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். இந்த மாதம் ஒரு மீட்டர் கம்பின் உச்சி நிழல் 60 செ.மீ. வரும், ஆகவே வட்டத்தின் ஆரம் 80 செ.மீ. இருக்கட்டும். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்தில் ஒரு புள்ளி, மதியத்துக்கு மேல் தொட்டு வெளியே போகும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் அது கிழக்கு மேற்கு. குறுக்கே செங்குத்துக் கோடு போட்டால் வடக்கு தெற்கு. தரை மட்டமாக இருக்க வேண்டும். மாடியில் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள், அதனால் ஒரு ப்ளைவுட் பலகையை ரசமட்டம் வைத்துச் சமன்படுத்தி அதன் மேல் செய்யுங்கள். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மதுரையில் சூரியன் தலைக்கு நேரே வந்துவிடும், நிழலே விழாது. பொங்கல் லீவில் செய்துவிடுங்கள்.

கோடு கிடைத்ததும் முக்காலிக் கால்கள் நிற்கும் மூன்று இடத்திலும் பெயின்ட்டால் அடையாளம் போடுங்கள். அடுத்த முறை தூக்கி வைத்தால் போதும்.

சிங்கை_டாப்:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். சிங்கப்பூர் 1.3 டிகிரி. இங்கே துருவ நட்சத்திரம் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே அதைக் கண்டவர் யாரும் எனக்குத் தெரியாது. நான் ஈக்யூவை எடுத்து வைத்துவிட்டு, குழாய்க்கு மரத்தில் டாப்சோனியன் அடித்தளம் (பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் கையால் தள்ளித் திருப்பும் பெட்டி) செய்துகொண்டேன். இதற்குப் பெயர் தந்த ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோ நடைபாதையில் மக்களுக்கு வானம் காட்டியது இந்த மாதிரிப் பெட்டியில்தான். மதுரையில் தச்சர் கிடைப்பது சுலபம். 18 மி.மீ. ப்ளைவுட், சுற்றும் பரப்புக்குச் சொரசொரப்பான மைக்கா, மூன்று டெஃப்லான் துண்டு. தூக்கி வைத்த உடனே பார்க்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது பெரிய நிம்மதி.

ஜவ்வாது_அடிவாரம்:

டாப்சோனியன் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இவர் குறை கோள் ஓடிப்போவது. 90 பெருக்கத்தில் டாப்பிலும் நிமிடத்துக்கு ஒரு தள்ளு வேண்டும், பழகாத கையில் குழந்தை கண் வைப்பதற்குள் போய்விடும். அதோடு மதுரையில் வியாழன் இப்போது உச்சிக்கு 12 டிகிரி பக்கத்தில் கடக்கிறது. டாப்புக்கு உச்சிவானம்தான் கஷ்டமான இடம், சின்ன நகர்வுக்கும் பெட்டியையே பெரிதாகச் சுற்ற வேண்டும். கையில் ஈக்யூ இருக்கும்போது ஒரு கேபிளைத் திருப்பி வரிசையில் பத்துப் பேருக்குக் காட்டலாம். முதலில் இதைச் சரிசெய்து பாருங்கள்; நட்சத்திரக் கூட்டம், நெபுலா என்று அலைய ஆசை வந்தால் பிறகு தச்சரைப் பாருங்கள்.

மாடிவான்_மதுரை:

மாட்டுப்பொங்கல் அன்று மேஸ்திரி ஐயா சொன்னபடி சங்கு நட்டு, மகளே நிழல் நுனியில் புள்ளி வைத்தாள். வடமராட்சி அண்ணா சொன்ன நேரத்தில் நூல் நிழலையும் போட்டோம். இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது! தெற்குக் காலை நீட்டி, செல்போனில் 10 காட்டும்வரை சாய்த்து, கேனைக் கட்டி, பெயின்ட் அடையாளமும் போட்டாயிற்று.

இரவு ஒன்பது மணிக்கு வியாழனைப் பிடித்தேன். ஆர்.ஏ. கேபிளை மட்டும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால் கோள் நகராமல் நிற்கிறது. மகள், மனைவி, அம்மா, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லோரும் நிதானமாகப் பார்த்தார்கள். இரண்டு பட்டை, நான்கு நிலவு. அம்மா நகரவே இல்லை. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டு சின்னக் கேள்வி. ஏழு, எட்டு மணிக்கு உருவம் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தளும்புகிறது, பத்துக்கு மேல் சரியாகிறது. ஆடியைத் திருகிச் சரிசெய்ய வேண்டுமா? கேபிளைத் திருப்பிக்கொண்டே இருக்காமல் மோட்டார் போடலாமா?

வடமராட்சி_வான்:

ஆடியில கை வையாதேங்கோ. நேரத்தோட சரியாகுது எண்டால் அது வெப்பம். பகல் வெயிலைக் குடிச்ச மாடித் தரை இரவில அதை விடுது, குழாய்க்குள்ளயும் சூடு நிக்குது. ஒரு மணித்தியாலம் முந்தியே குழாயை மூடி திறந்து வெளியில வையுங்கோ, மாடியில தண்ணி தெளியுங்கோ. கோள் தாழ நிக்கேக்க காற்றும் தடிப்பு, அதனால ஒன்பதரைக்குப் பிறகு பாருங்கோ.

ஜவ்வாது_அடிவாரம்:

மோட்டார் போடலாம். ஆர்.ஏ. அச்சுக்கு மட்டும் ஒன்று போதும், பேட்டரியில் ஓடும். N (வட அரைக்கோளம்), S (தென் அரைக்கோளம்) என்று ஒரு சுவிட்ச் இருந்தால் N பக்கம் வையுங்கள். S பக்கம் இருந்தால் தலைகீழாகச் சுற்றிக் கோளை இரட்டை வேகத்தில் வெளியே தள்ளும். வேகம் மாற்றும் குமிழ் இருந்தால், வியாழனை நடுவில் வைத்து அது நகராமல் நிற்கும் இடம்வரை மெல்லத் திருப்பி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மாட்டும்போது மோட்டாரின் உடம்பு கவுண்டர்வெயிட் சுற்றும் வழியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் சாய்வில் அங்கே இடம் குறைவு.